பழசு ஓடுதா, இல்லியா? கேம் மிஷின் மாற்றுவோர் கையேடு

இந்தக் கையேடு யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு பழைய கேம் மிஷின் இருந்து, அதைவிடப் புதிதாக ஒன்று வந்துவிட்டது என்ற சேதி காதில் விழுந்து, அன்று ராத்திரியிலிருந்து தூக்கம் கெட்டவர்களுக்கு. கையில் எதுவுமே இல்லாதவர்கள் நிம்மதியாகப் போய்ப் படுக்கலாம். செல்போனிலேயே விளையாடுகிறவர்களுக்கும் இதில் வேலையில்லை. பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள். 2021 ஜூலையில் வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் காணாமல் போனது. 2023 மே மாதம் திரும்பி வந்தது. அவர்களுக்கு எப்போது எதை மாற்றவேண்டும் என்பதை டெல்லியே பார்த்துக்கொள்கிறது.

எழுதுகிறவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் மாதனூர்க்காரன். சென்னையிலிருந்து பெங்களூரு போகிறவர்கள் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி, ஆம்பூர் பிரியாணிக்கு வயிற்றைத் தயார் செய்துகொண்டிருக்கும் நேரத்தில் ஜன்னல் வழியாக ஓடி மறையும் ஊர். 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டம், அதற்கப்புறம் திருப்பத்தூர் மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. மேல்விலாசம் மட்டும் புதுசு. புது மாவட்டம் வந்ததும் எல்லாம் வேகமாகும் என்று சொன்னார்கள். அந்த அனுபவம் இந்தக் கையேட்டுக்கு ரொம்ப உதவியது.

பிழைப்பு ஆம்பூரில், ஒரு ஷூ கம்பெனியில், தோல் தரம் பிரிக்கும் மேசை. பதினாறு வருஷமாக ஒவ்வொரு தோலாக விரித்து, இது முன்பக்கத்துக்கு ஆகும், இது நாக்குக்கு ஆகும், இது எதற்கும் ஆகாது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். ஒரு தோலுக்கு அரை நிமிஷம் ஆகாது. அப்படிப்பட்டவனுக்கு, வீட்டில் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஏழு மாதம் ஆனது.

பெட்டி எது என்பதையும் சொல்லிவிடலாம். நிண்டெண்டோ ஸ்விட்ச். 2017 மார்ச் 3ஆம் தேதி உலகத்துக்கு வந்தது. மாதனூருக்கு 2018இல் வந்தது, துபாயில் இருக்கும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதனின் பெட்டியில், பேரீச்சம்பழத்துக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில். இன்றைக்கும் வெயிலில் கொஞ்சம் சூடானால் தைல வாசனை வரும். கம்பெனி விவரப் பட்டியலில் இந்த வசதி கிடையாது.

முதல் படி: நோயைப் பாருங்கள்

புது மிஷின் வந்த சேதி தெரியாதவரை பழைய மிஷினுக்கு ஒரு குறையும் இருக்காது. சேதி தெரிந்த மறுநாள் எல்லா வியாதியும் வரும். பேட்டரி சீக்கிரம் இறங்கும். திரை தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கும். உள்ளே இருக்கும் காற்றாடியின் சத்தம், ஏழு வருஷமாகக் காதில் விழாதது, மாவு மில் மாதிரி கேட்கும்.

இதில் எது நிஜ வியாதி, எது மனசின் வேலை என்று பிரிப்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மிஷினைப் பத்து நிமிஷம் அக்கா பையனிடம் கொடுங்கள். அவன் ஒரு குறையும் சொல்லாமல், திருப்பியும் தராமல் இருந்தால் வியாதி உங்களுக்கு.

என் கேஸில் ஒரு வியாதி நிஜம். இடது ஸ்டிக்கைத் தொடாமலேயே விளையாட்டில் இருக்கும் ஆள் இடப்பக்கமாக நடந்துபோவான். மலை உச்சியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் பள்ளத்தில் கிடப்பான். இதை டிரிஃப்ட் என்கிறார்கள். இந்த மிஷின் வைத்திருக்கிற உலகமே திட்டுகிற குறை இது. அமெரிக்காவில் 2019இல் வழக்கே போட்டார்கள். காரணம் சாதாரணம். ஸ்டிக்கின் அடியில் கரி பூசிய ஒரு பட்டை இருக்கிறது. அதன்மேல் ஒரு சின்ன உலோக விரல் ஓடுகிறது. விரல் எங்கே நிற்கிறது என்பதை வைத்து மிஷின் திசையைக் கண்டுபிடிக்கிறது. உரசி உரசிக் கரி தேய்ந்துபோனால், அல்லது விரலின் அழுத்தம் தளர்ந்தால், நிற்கிறவன் நடக்கிறான் என்று கணக்காகிவிடும். நம் வீட்டுப் பழைய ரேடியோவில் சத்தக் குமிழைத் திருகும்போது கரகர என்று வருமே, அதே நோய்தான். அந்த ரேடியோவை யாரும் டிரிஃப்டுக்காக மாற்றவில்லை. தலையில் ஒரு தட்டு தட்டினோம், சரியானது.

இன்னொன்று, வெயில். இந்த மிஷினை 5 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை சூடுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது கம்பெனி. வேலூர்ப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் 40ஐத் தாண்டுவது செய்தியே இல்லை. ஆக, கம்பெனி பேச்சைக் கேட்டால் கோடை விடுமுறை முழுக்க மிஷினை அலமாரியில் வைத்துப் பூட்டவேண்டும். பழையதைப் பூட்டிவைத்தால் மனசு பாதி வேகும். புதியதைப் பூட்டிவைத்தால் கடன் வட்டியும் சேர்ந்து வேகும். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: விளம்பரத்தை மேசையில் விரியுங்கள்

தோலை மேசையில் விரித்ததும் பளபளப்பைப் பார்க்கக் கூடாது. அது கண்ணைக் கட்டும். முதுகெலும்பை ஒட்டிய இடம் இறுக்கமாக இருக்கும்; ஷூவின் முன்பக்கமான வேம்ப்பை அங்கேதான் வெட்டுவோம். வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும்; அதில் வேம்ப் வெட்டினால் நாலு நாள் நடையில் ஷூ வாயைப் பிளந்துவிடும். உண்ணி கடித்த புள்ளி, வேலமுள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எல்லாவற்றையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, சில்வர் பேனாவால் ஒரு சுழி போடுவோம். வெட்டுகிறவர் அந்தச் சுழியை விட்டுத் தள்ளி டையை வைப்பார். இவ்வளவுதான் என் உத்தியோகம்.

ஒரு சாயங்காலம் புது மிஷினான ஸ்விட்ச் 2இன் விவரப் பட்டியலை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு, அதே பேனாவோடு திண்ணையில் உட்கார்ந்தேன். வெள்ளைத் தாளில் சில்வர் மை சரியாகத் தெரியாது. அதனால்தான் விளம்பரங்களை வெள்ளைத் தாளில் அடிக்கிறார்கள் போலிருக்கிறது.

திரை: பழசு 6.2 அங்குலம், புதுசு 7.9. இது முதுகுத் தோல், சந்தேகமில்லை. திரையின் நுணுக்கம் 720லிருந்து 1080. இதுவும் நல்ல இடம். ஆனால் எனக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி போட்டு ரெண்டு வருஷம் ஆகிறது, நம்பர் மாற்றவேண்டும் என்று டாக்டர் சொல்லியும் மாற்றவில்லை. 1,500 ரூபாய்க் கண்ணாடியில் கிடைக்கக்கூடிய நுணுக்கத்தை நாற்பதாயிரத்தில் தேடுகிறேனோ என்று ஓர் ஓரத்தில் உறுத்தியது. ஒரு சுழி.

உள்ளே இடம்: 32 ஜிபி, இப்போது 256. நல்லது. பேட்டரி: 4,310லிருந்து 5,220. அடடா என்று அடுத்த வரிக்குப் போனால், பழசு இரண்டரையிலிருந்து ஆறரை மணி நேரம் தாங்கும் என்று சொன்ன அதே கம்பெனி, புதுசு இரண்டிலிருந்து ஆறரை மணி நேரம் தாங்கும் என்கிறது. குடம் பெரிசு, ஓட்டையும் பெரிசு. ரெண்டு சுழி.

கடைசியில் ஸ்டிக். இதற்குத்தானே இத்தனையும். புது ஸ்டிக்கில் உரசலே இல்லாமல் காந்தத்தை வைத்துத் திசை கண்டுபிடிக்கும் முறை வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்படி ஒரு முறை இருக்கிறது, வேறு சில கம்பெனிகள் போடுகிறார்கள், தேயாது. நிண்டெண்டோ போடவில்லை. ஸ்விட்ச் 2ஐப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது அதே பழைய வகைதான், கரிப்பட்டையும் உலோக விரலும். காந்தம் இருக்கிறது, ஸ்டிக்கில் இல்லை; கைப்பிடியை உடம்போடு ஒட்டவைக்க. நோய்க்காக வீட்டை மாற்றினால் புது வீட்டுக்குள்ளும் அதே கொசு. இதற்குச் சுழி போதாது. தாளையே மடித்து வைத்தேன்.

விளம்பரத்தில் இன்னொரு சரக்கும் வரும், ரீமாஸ்டர். பழைய விளையாட்டையே புதுப் பூச்சோடு விற்பது. எங்கள் தொழிலில் இதற்கு நேரான வேலை உண்டு. மேல்பக்கம் கீறலும் புள்ளியுமாக இருக்கும் தோலை உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தி, கனமாக நிறம் ஏற்றி, மேலே செயற்கையாக ஒரு ரோமக்கண் அச்சைப் பதித்துவிடுவார்கள். பார்க்கத் தலைச்சன் கன்றுத் தோல் மாதிரி இருக்கும். திருட்டு இல்லை, முறையான வேலைதான். பில்லில் அதைச் சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் பூச்சு கனமாக இருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று மடக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ஒரு செல்டா விளையாட்டின் ஸ்விட்ச் 2 பதிப்புக்கு மாற இன்னும் 9.99 டாலர் என்று போட்டிருந்ததை நான் அப்படித்தான் மடக்கிப் பார்த்தேன்.

இங்கே ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். குன்பே யோகோய். நிண்டெண்டோவில் வேலை பார்த்தவர். ரயிலில் ஒருத்தர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் கையடக்க விளையாட்டு யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1980இல் கேம் அண்டு வாட்ச், 1989 ஏப்ரலில் கேம் பாய். கேம் பாய் வந்த அடுத்த வருஷமே சேகா கம்பெனி கேம் கியர் என்று ஒன்றை ஜப்பானில் இறக்கியது. அது கலர், இருட்டில் தெரியும் திரை. கேம் பாயோ பாசி படிந்த பச்சையில், விளக்கு இல்லாமல், நாலு சாம்பல் நிறத்தில் படம் காட்டும். ஆனால் கேம் கியர் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஜெயித்தது கேம் பாய். கலர் வந்த தம்பியோடு சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது.

யோகோய் தன் வழிக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். பழகி, விலை குறைந்து, அதன் கோளாறெல்லாம் தெரிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் யோசிக்காத காரியத்துக்குத் திருப்புவது. அவர் சொன்ன ஜப்பானியச் சொல்லைக் காய்ந்த, வாடிய தொழில்நுட்பம் என்று மாற்றுகிறார்கள். பாலாற்றங்கரையில் அதற்குச் சரியான சொல் இருக்கிறது: பதம் வந்தது. பச்சைத் தோல் நாளைக்கு நாறும். பதம் வந்த தோலை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். கடையில் புதுசாக இறங்கிய எந்த மிஷினும் முதல் ஆறு மாதம் பச்சைத் தோல்தான். இதைச் சிநேகிதனுக்கு வாய்ஸ் மெசேஜில் விளக்கமாகச் சொன்னேன். "அப்போ வேணாமா மாமு?" என்று கேட்டான். "நான் அப்படிச் சொல்லலயே" என்றேன்.

மூன்றாம் படி வீட்டில் கேட்பது. அதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

நான்காம் படி: கணக்கு

2025 ஏப்ரல் 2ஆம் தேதி. நம் நேரத்துக்கு சாயங்காலம் ஆறரை மணி. கம்பெனி வண்டியில் இருந்து இறங்கி, மாதனூர் மேம்பாலத்தடியில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு செல்போனில் பார்த்தேன், நிண்டெண்டோ ஸ்விட்ச் 2ஐக் காட்டினார்கள். விலை 449.99 டாலர், ஜூன் 5இல் கடைக்கு வரும். டீ ஆறியது தெரியவில்லை. அன்று ராத்திரி, நாம் ஒரு தூக்கம் போட்டு முடிப்பதற்குள், அமெரிக்க அதிபர் தோட்டத்தில் நின்று அட்டையைக் காட்டி நாடு நாடாக வரி போட்டார். ரெண்டும் ஒரே தேதி. ஜாதகம் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அந்த வரியைப் பார்த்து நிண்டெண்டோவே பயந்து, ஏப்ரல் 9இல் அமெரிக்காவில் தொடங்க இருந்த முன்பதிவைத் தள்ளிவைத்தது. 24ஆம் தேதிதான் தொடங்கியது. விலையைக் கூட்டவில்லை. ஆனால் ஆகஸ்டில் ஒரு காரியம் செய்தார்கள். அமெரிக்காவில் பழைய ஸ்விட்சின் விலையை 299.99இலிருந்து 339.99 டாலராக்கினார்கள். எட்டு வருஷத்துப் பழசுக்கு விலை ஏற்றம்! அதைப் படித்த அன்று என் மிஷினை எடுத்து மெத்துணியால் துடைத்துவைத்தேன்.

அதே ஆகஸ்ட் 27ஆம் தேதி முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டது. எங்கள் பக்கத்து ஷூவில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குப் போகிறது என்றாலும், அமெரிக்க ஆர்டரை நம்பி ஓடிக்கொண்டிருந்த லைன்கள் மெல்ல மூச்சுவாங்கின. ஓவர்டைம் நின்றது. வியட்நாமுக்கு அப்போது 20 விழுக்காடு. ஷூவில் எங்களுக்குப் போட்டி வியட்நாம். அமெரிக்காவுக்குப் போகும் ஸ்விட்ச் 2ஐப் பூட்டி அனுப்புவதும் வியட்நாம். என் ஓவர்டைமை வியட்நாம் ஷூ தின்றுவிட, மிச்சத்தை வியட்நாம் கேம் மிஷினுக்குக் கொடுக்க நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்த ஊருக்கும் முன்ஜென்மத்தில் ஏதோ பாக்கி.

சரி, வரவு. தீபாவளி போனஸ். அப்போது நடப்பில் இருந்த 1965ஆம் வருஷத்துச் சட்டப்படி குறைந்தது 8.33 விழுக்காடு, அதிகபட்சம் 20. 8.33 என்றால் என்ன பெரிய நம்பர் என்று பார்க்காதீர்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான். நல்ல வருஷத்தில் கூடக் கிடைக்கும். இது நல்ல வருஷம் இல்லை.

செலவுக் கணக்கைத் தாளில் எழுதும்போது ஒரு முறையைக் கடைப்பிடியுங்கள். மிஷினை முதல் வரியில் எழுதக் கூடாது. வீட்டுத் துணி, அக்கா வீட்டுச் சீர், பட்டாசு, அடகுக் கடை வட்டி, பல் பிடுங்கிய பாக்கி, அம்மாவின் மூட்டு மாத்திரை, வண்டிக்கு டயர் எல்லாம் எழுதி, கடைசி வரியில், கொஞ்சம் சின்ன எழுத்தில், "இதர" என்று எழுதுங்கள். நான் "இதர: 40,000" என்று எழுதியிருந்தேன். தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்த நிமிஷமே அது வீட்டில் தெரிந்துபோயிற்று. எப்படி என்று இன்றுவரை தெரியாது.

மிஷினோடு போகாது, இன்னொன்றும் சொல்லவேண்டும். மாரியோ கார்ட் வேர்ல்ட் என்று அதற்கென வந்த விளையாட்டு தனியாக 79.99 டாலர். எருமை வாங்கினவன் கயிறும் வாங்கத்தான் வேண்டும். ஆனால் இது கயிறே ஒரு கன்றுக்குட்டி விலை.

ஐந்தாம் படி: எங்கே வாங்குவது

நிண்டெண்டோ இந்த மிஷினை இந்தியாவில் நேராக விற்பதில்லை. அதனால் மாதனூர்க்காரனுக்கு மூன்று வழி. கிழக்கே சென்னை ரிச்சி தெரு, பர்மா பஜார். மேற்கே பெங்களூரு மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட். மூன்றாவது, வானத்தில் சிநேகிதன். முதல் ரெண்டும் ஏறக்குறைய ஒரே தூரம், ஒரே பேச்சு: "வாரன்டியா? நாங்கதான் சார் வாரன்டி." அந்த "நாங்க" அடுத்த தடவை போகும்போது கடையில் இருக்கமாட்டார். மூன்றாவது வழியில் வாரன்டி துபாயில் இருக்கும், மிஷின் மாதனூரில் இருக்கும். ரெண்டையும் சேர்த்துவைக்க இன்னொரு டிக்கெட் எடுக்கவேண்டும்.

முறையாக பில்லோடு வேண்டும் என்கிறவர்களுக்கு ஆசுஸ் கம்பெனி ராக் ஆலை என்று ஒன்றை 2023 ஜூலையில் இங்கேயே இறக்கியது, 69,990 ரூபாய். அந்த விலைக்கு மாதனூரில் கேம் மிஷின் என்று சொன்னால் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்வார்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது விற்கும் அட்டைகளில் சில, உள்ளே விளையாட்டே இல்லாதவை. சாவி மட்டும் இருக்கும், விளையாட்டை நெட்டில் இறக்கிக்கொள்ளவேண்டும். பெரிய விளையாட்டு 60 ஜிபியைத் தாண்டும். என் போனில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. 64 ஜிபி விளையாட்டு என்றால் 43 நாள், அதுவும் அந்த நாட்களில் வீட்டில் ஒருத்தரும் சீரியல் பார்க்காமல், வாட்ஸப்பில் குட்மார்னிங் அனுப்பாமல் இருந்தால். ஐயப்பனுக்கே 41 நாள் விரதம் போதும்.

இப்போது அந்த மூன்றாம் படி

அம்மாவிடம் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது தவறு. சாப்பிடும்போது பொதுவாக ஒரு பேச்சாக விட்டேன்.

"இன்னாடா, பழசு ஓடுதா இல்லியா?"

"ஓடுது. ஆனா..."

"ஓடுது இல்ல? அப்புறம் இன்னா ஆனா?"

இந்த ஒரு கேள்வியில் மேலே எழுதிய நாலு படியும் அடங்கிவிட்டதைக் கவனியுங்கள். நான் விடாமல், இந்தக் கம்பெனி சாதாரணம் இல்லை, 1889இல் ஆரம்பித்தது, நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். அப்போ என்ன கேம் மிஷின் செய்தார்கள் என்று கேட்டாள். சீட்டுக்கட்டு செய்தார்கள் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. எங்கள் தாத்தா சீட்டாட்டத்தில் ஒரு ஏக்கர் நிலத்தை விட்டவர். அரை மணி நேரம் அந்த நிலத்தைப் பற்றிப் பேச்சு நடந்தது. எங்கே இருந்தது, அதில் கிணறு எவ்வளவு ஆழம், இப்போது அங்கே யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்பது வரை.

அம்மாவின் கையடக்க மிஷின் தட்டுமுட்டுப் பெட்டியில் இருக்கிறது. நடுவில் கீல் வைத்து மடக்கும் பல்லாங்குழி, பக்கத்துக்கு ஏழு குழி, மூடினால் மீன் வடிவம், கொக்கி போட்டுவிடலாம். நிண்டெண்டோ 2004இல் ரெண்டு திரையை மடக்கி டிஎஸ் என்று விட்டபோது உலகமே ஆச்சரியப்பட்டதாம். அம்மா ஆச்சரியப்படமாட்டாள். பல்லாங்குழியின் மேம்பாட்டுச் செலவு, வருஷா வருஷம் புது புளியங்கொட்டை.

வீட்டுக்காரி அம்மா மாதிரி கேள்வி கேட்கவில்லை. தையல் லைனில் நிற்கிறவள், எதையும் எண்ணித்தான் பேசுவாள். "இதுவரைக்கும் எத்தன கேம் வாங்கினீங்க?" பதினொன்று. "எத்தன முடிச்சீங்க?" ரெண்டு. அதில் ஒன்று முடிந்ததா, நான் விட்டுவிட்டேனா என்பதில் எனக்கே குழப்பம் உண்டு. செல்டாவின் பிரெத் ஆஃப் தி வைல்டு, மிஷினோடு ஒரே நாளில் வெளிவந்த விளையாட்டு, அதில் ஏழு வருஷமாகக் கோட்டை வாசலில் நிற்கிறேன். உள்ளே போய் அரக்கனை அடித்தால் கதை முடிந்துவிடும் என்பதால் போகவில்லை. அதற்குப் பதில் காட்டில் காளான் பறித்து, மிளகாய் பறித்து, பானையில் ஒரு தடவைக்கு அஞ்சு சாமான் வரை போட்டுச் சமைத்துக்கொண்டிருக்கிறேன். "அங்க மட்டும் நல்லா சமைக்கிறீங்க" என்றாள். பதில் சொல்லக்கூடிய இடத்தில் நான் இல்லை.

ஆறாம் படி: பழசு யாருக்கு

வாங்குகிறவர்கள் எல்லாரும் தவறவிடும் படி இது. ஏப்ரல் மாதத்தில் ஆசை உச்சத்தில் இருந்தபோது, அக்கா பையனிடம் "புதுசு வந்ததும் இது உனக்குத்தாண்டா" என்று சொல்லியிருந்தேன். எட்டாவது படிக்கிறவன். அவன் அதை வாக்காக எடுத்துக்கொண்டான். அவனுக்கு முடிவு அன்றைக்கே ஆகிவிட்டது. ஏழு மாதமும் யோசித்தது நான் மட்டும்தான்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, போனஸும் முடிந்திருந்தது. சரி, முதலில் இந்த டிரிஃப்டையாவது பார்ப்போம் என்று திண்ணையில் உட்கார்ந்தேன். கைப்பிடியின் முதுகில் நாலு திருகு, மூன்று கால் பள்ளம் வெட்டியது. சாதாரண ஸ்க்ரூடிரைவர் ஏறாது, செல்போன் ரிப்பேர் கடையில் இரவல் வாங்கினேன். அக்கா பையன் டார்ச் பிடித்தான். மூடியைத் திறந்தால், ஸ்டிக் உட்கார்ந்திருக்கும் சின்னத் தகரக் கூடு. அந்தக் கூட்டை மேலிருந்து கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் உலோக விரல் மறுபடி கரியில் சரியாகப் படியும், ஆள் நடக்கமாட்டான். இதை உலகத்தில் நிறையப் பேர் கண்டுபிடித்து, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் அட்டையை வெட்டி உள்ளே வைக்கிறார்கள்.

அட்டை எதற்கு? நான் ஆம்பூர்க் கம்பெனிக்காரன். முதலில் மேல்தோல் துண்டு ஒன்று வைத்தேன், 1.2 மில்லி; மூடி மூடவில்லை. அடுத்தது, ஷூவுக்குள்ளே ஒட்டும் ஆட்டுத்தோல் லைனிங், கம்பெனியில் கேஜ் வைத்து அளந்து எடுத்துவந்த கழிவுத் துண்டு, 0.9. சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, ரோமப் பக்கம் மேலே இருக்கும்படி கூட்டின்மேல் வைத்து மூடினேன். திருகு ஏறும்போது ஒரு சின்ன எதிர்ப்பு, பிறகு இறுகியது. திரையில் ஆள் நின்றான். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், நிமிர்ந்து நின்றபடியே நின்றான். காற்றில் அவன் தலைமுடி மட்டும் ஆடியது.

"மாமா, சரியாயிடுச்சு!" என்று பையன் குதித்தான். மிஷினைத் திருப்பி, என் சட்டைப் பாக்கெட்டில் இருந்த சில்வர் பேனாவை எடுத்து, முதுகில் தன் பெயரை இனிஷியலோடு எழுதினான். தோலில் அந்த மை துடைத்தால் போய்விடும். அந்த பிளாஸ்டிக்கில் போகவில்லை. ரெண்டு தரம் துடைத்துப் பார்த்துவிட்டேன்.

துபாய்ச் சிநேகிதன் அன்று ராத்திரி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். "மாமு, வியாழக்கிழமை ஃப்ளைட். எடுக்கட்டா வேணாவா?" இன்னும் பதில் போடவில்லை.

இப்போதைய ஏற்பாடு இப்படி. வாரநாட்களில் மிஷின் அக்கா வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மூன்றரையிலிருந்து நாலரை வரை, அவன் டியூஷனில் இருக்கும் நேரம், எனக்கு. இன்றைக்கு எடுத்தேன். கோட்டை வாசலில் ஆள் அசையாமல் நிற்கிறான். உள்ளே போய்விடலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது. பேட்டரி நாலு சதவீதம். சார்ஜரைப் பையன் டியூஷன் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.